சுத்தமான சத்தம்

என் நாத்தனாருக்குப் பல்லவி என்று பெயர் வைத்தவர்கள் அவளைப் பெற்றவர்கள் அல்ல, அவளோடு வேலை செய்கிறவர்கள். பல்செட்டு செய்யும் கூடத்தில் அவளுக்கு வேலை. பல் மருத்துவர்கள் அனுப்பும் வாயின் அச்சைப் பார்த்து, ரோஜா நிற மெழுகில் ஈறு பிடித்து, அதில் ஒவ்வொரு பல்லாக நட்டு, மேல்வரிசையும் கீழ்வரிசையும் சண்டை போடாமல் கடிக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதைச் செய்யும்போது வாயில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், மேசைக்கு அடியில் கால் தாளம் போடும். பல்லும் உண்டு, பாட்டும் உண்டு, அதனால் பல்லவி. கூடத்தில் விளையாட்டாக ஆரம்பித்த பெயர் வீடு வரை வந்துவிட்டது. என் மாமியார்கூட அவளை இப்போது அப்படித்தான் கூப்பிடுகிறார்.

நாங்கள் நாலு பேரும் மூன்றாவது மாடியில் ஒரே வீட்டில் இருக்கிறோம்: நான், என் கணவர், அவருடைய அம்மா, அவருடைய தங்கை பல்லவி. நாத்தனாரும் நானும் சண்டையே போட்டதில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். குளியலறையில் அவள் விட்டுவைக்கும் முடிக்காக நான் ஊரைக் கூட்டியிருக்கிறேன். ஆனால் வெளியாள் ஒருவர் அவளை ஒரு சொல் சொன்னால் எனக்குத் தாங்காது. எனக்குக் கோபம் மூக்குமேல் இருக்கும், அது எல்லாருக்கும் தெரியும்.

நான் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சொல்லி, சாப்பிடக் கூப்பிட்டால்கூட அதே ராகம் வந்துவிடுகிறது. என் கணவர் உடனே "எந்த நடைமேடை?" என்பார். கல்யாணமான நாளிலிருந்து அதே ஜோக். நானும் அன்றிலிருந்து முறைத்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

பல்லவிக்குக் கிட்டார் என்றால் உயிர். கல்லூரி நாளில் கற்றுக்கொண்டது. வேலை, அப்பாவின் நோய், அது இது என்று நடுவில் விட்டுப்போய், நாற்பதை நெருங்கும்போது மறுபடி தொற்றிக்கொண்டது. பக்கத்துத் தெரு மருந்துக்கடைக்காரர் ஒரு இசைக்குழு வைத்திருக்கிறார். கீபோர்டு அவர், டிரம்ஸ் ஒரு லிஃப்ட் மெக்கானிக், பாட ஒரு பள்ளி ஆசிரியை. அடிச்சுரம் பிடிக்கும் பாஸ் கிட்டாருக்கு ஒருவர், இன்னும் இரண்டொருவர் வந்துபோவார்கள். அதில் பல்லவி சேர்ந்தாள். மூலையில் உட்கார்ந்து சாதாரண மரக் கிட்டாரில் டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருப்பாள். குழுவில் அவள் இருப்பதே பாதிப் பேருக்குத் தெரியாது.

அந்த ஆசிரியை சொந்தமாக ஒரு பாட்டு எழுதி மெட்டும் போட்டார். பாட்டின் பல்லவி முடிந்து சரணம் வருவதற்குள் ஓர் இடம் காலியாக விட்டிருந்தார். "இங்க கிட்டார் உறுமணும். கேக்குறவங்க நிமிர்ந்து உக்காரணும்" என்றார். என் நாத்தனார் அன்று வீட்டுக்கு வந்த வருகை இருக்கிறதே, படியில் இரண்டு இரண்டாகத் தாவி வந்தாள்.

"அண்ணி, பாட்டுல பல்லவிக்கு அப்புறம் பல்லவி! எனக்குத்தான் அந்த இடம்!"

மறுவாரம் ஒரு மின்கிட்டாரும் ஒரு பெடலும் வீடு வந்து சேர்ந்தன. பெடல் என்றதும் என் மாமியார் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"சைக்கிளே இல்லாத வீட்டுக்குப் பெடல் எதுக்குடி?"

சைக்கிள் பெடல் இல்லை. உள்ளங்கை அளவு இரும்புப் பெட்டி. அதைக் கிட்டாருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் செருக வேண்டும். ஆம்ப் என்பது கிட்டாரின் சத்தத்தைப் பெரிதாக்கித் தரும் ஸ்பீக்கர் பெட்டி. பெடலைக் காலால் மிதித்தால், அதுவரை நல்ல பிள்ளையாக டிங் டிங் என்று ஒலித்துக்கொண்டிருந்த கிட்டார் சிலிர்த்துக்கொண்டு கர்ஜிக்கும். பெடலின் முகத்தில் ஒரு திருகு உண்டு. கெயின் என்று பெயர், அதுதான் கரகரப்பு எவ்வளவு என்று சொல்வது. ஆம்ப்பின் முகத்தில் பாஸ், மிடில், டிரெபிள் என்று திருகுகள், அதாவது சத்தத்தின் அடி, நடு, உச்சி. இவள் வாங்கியது சாதாரணக் கரகரப்பு இல்லை. மிதித்தால் கட்டடமே இடிய வேண்டும் என்று கேட்டு வாங்கி வந்திருக்கிறாள்.

தன் படுக்கையறையில் ஒரு குட்டி ஆம்ப்பும் வாங்கி வைத்திருந்தாள். அதில் செருகி, கெயினை முழுக்கத் திருகி, நடுவை முழுக்கக் குறைத்து, அடியையும் உச்சியையும் ஏற்றி ஒரு இழு இழுத்தாள். பலகணிக் கண்ணாடி அதிர்ந்தது. மாமியார் ஓடி வந்தார். கையில் பழைய கம்பளிப் போர்வை.

"மனுஷி கண்ணசர வேணாமா?" என்று போர்வையை நாலாக மடித்து ஆம்ப்பின் மேல் போட்டு, முகத்தையும் சேர்த்து மூடிவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு வெகுநாள் அந்த ஆம்ப் போர்வையைக் கழற்றவே இல்லை. போர்வைக்குள்ளிருந்தே உறுமியது. நல்ல கனமான, நெஞ்சில் வந்து உட்காருகிற உறுமல். எனக்கு மின்கிட்டார் என்றாலே ஆகாது. எனக்கே பிடித்திருந்தது என்றால் பாருங்கள்.

ஒத்திகை மருந்துக்கடைக்குப் பின்னால் ஓர் அறையில் நடக்கும். மருந்துக்கடைக்காரரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் கடை அலமாரியில் ஒரு புட்டி கோணலாக நின்று யாரும் பார்த்ததில்லை. எல்லாப் பெயர்ச்சீட்டும் முன்னால் பார்த்தபடி நிற்கும். பேனா மூடியைக்கூட நேராகத் திருப்பி வைப்பார். அவரிடம் பெரிய ஆம்ப் ஒன்று உண்டு. கரகரப்பு என்ற பேச்சே அதில் இல்லை. கிட்டாரில் நகம் பட்டால் நகம் பட்ட சத்தம் வரும். கீபோர்டில் ஒரு கட்டையை அழுத்திவிட்டு, "பாருங்க, பளிங்கு! சுத்தமான சத்தம்!" என்று ஒவ்வொரு ஒத்திகையிலும் சொல்வார். வாரத்துக்கு ஒருமுறை துணி போட்டுத் துடைப்பார்.

அந்தப் பளிங்கில் பல்லவி தன் பெடலைச் செருகி, திருகுகளை வீட்டில் வைத்ததுபோலவே வைத்து மிதித்தாள். நான் அன்று அவளோடு போயிருந்தேன், நேரில் கேட்டேன். உறுமல் எங்கே? டப்பாவுக்குள் மாட்டிக்கொண்ட குளவி மாதிரி ஒரு சத்தம். ஸ்ஸ்ஸ் என்று காதுக்குள் ஊசி இறங்கியது. டிரம்ஸ் சேர்ந்ததும் அதுவும் காணாமல் போனது. வெறும் இரைச்சல் மட்டும் மேலே மிதந்தது, என்ன வாசிக்கிறாள் என்று ஒரு ஸ்வரம் புரியவில்லை. அவள் பதறிப்போய்ச் சத்தத்தை இன்னும் ஏற்றினாள். இன்னும் மோசம்.

மருந்துக்கடைக்காரர் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுத்தம்!" என்றார்.

நம் ஆட்கள் எப்போது அப்படிச் சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தால் சொல்வது. பல்லவியின் முகம் சுருங்கிவிட்டது.

"இங்க பாருங்கம்மா," என்றார் அவர், குரலை இறக்கி. "உங்கமேல எனக்கு ஒண்ணும் கோபம் இல்ல. ஆனா கீபோர்டுலயே கிட்டார் சத்தம் இருக்கு. ஒரு பட்டனை அழுத்தினா போதும். அந்த இடத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க வழக்கம்போல மரக் கிட்டார் வாசிங்க."

"சார், எனக்குக் கொஞ்சம் டைம் குடுங்க சார்."

அடுத்து எங்கள் பேருந்துப் பணிமனையின் ஆண்டு விழா. அந்தக் குழுவைப் பேசி வைத்தது நான்தான், மேடையில் தொகுத்து வழங்கப்போவதும் நான்தான். அதனால் மனிதர் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"சரி. விழா மண்டபத்துல சவுண்ட் பார்க்கும்போது நல்லா இருந்தா நீங்க வாசிங்க. இல்லேன்னா பட்டன்தான். மண்டபத்து ஆம்ப்பும் என்னோடது மாதிரிதான், சொல்லிட்டேன். படு சுத்தம்."

எங்கள் வீட்டு வாசல்படி ஏறும்போது அவள் உடைந்தாள்.

"ஒரு பட்டன், அண்ணி! நான் ஒரு பட்டனுக்குச் சமமா? வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஒரு இடத்துல நான் நிமிர்ந்து நிக்கணும்னு ஆசைப்பட்டேன்."

எனக்கு அந்தப் பட்டனைப் பிடுங்கி அவர் மருந்துப் புட்டிக்குள் போட்டு மூடிவிடலாமா என்றிருந்தது.

அவள் விடவில்லை. கடையில் கேட்டாள், இணையத்தில் கேட்டாள். எல்லாரிடமும் ஒரே பதில்தான்: அந்த மாதிரிப் பெடல் சுத்தமான ஆம்ப்புக்கு ஆகாது, பெடலை விற்றுவிடு, இல்லையென்றால் ஆம்ப்பை மாற்று. மண்டபத்து ஆம்ப்பை இவள் எங்கே போய் மாற்றுவது? அவளுக்குக் குழப்பம் வேறு. வீட்டில் சிங்கமாக இருந்தது அங்கே போய் ஏன் குளவியானது?

விடை என் மாமியாரிடமிருந்து வந்தது, அவருக்கே தெரியாமல். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, போர்வை நாறுகிறது என்று எடுத்துத் துவைத்துக் காயப்போட்டுவிட்டார். பல்லவி வழக்கம்போல் வந்து உட்கார்ந்து பெடலை மிதித்தாள். அதே குளவி! எங்கள் வீட்டுக் குட்டி ஆம்ப்பிலும் அதே ஸ்ஸ்ஸ். அவள் கிட்டாரைக் கட்டிலில் எறியாத குறையாக வைத்துவிட்டுக் கொடிக்கு ஓடினாள். சொட்டச் சொட்ட ஈரமாக இருந்த போர்வையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அடியே, கரண்டு அடிச்சுச் சாகப்போற!" என்று மாமியார் அலறினார்.

நான் போர்வையைப் பிடுங்கிக்கொண்டு கட்டிலில் கிடந்த வேறொரு காய்ந்த விரிப்பைக் கொடுத்தேன். அதை ஆம்ப்பின் முகத்தில் பிடித்தாள். சிங்கம். எடுத்தாள். குளவி. பிடித்தாள். சிங்கம். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் கதவைத் திறந்து பார்த்தார்கள்.

"சத்தம் நல்லா இருந்ததுக்குக் காரணம் பெடல் இல்ல அண்ணி, போர்வை! ஆரம்பத்துலேருந்தே உச்சி அதிகம். கம்பளி அதை முழுங்கிக்கிட்டு இருந்திருக்கு."

மண்டபத்துக்குக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆனால் டிரெபிள் திருகு எல்லா ஆம்ப்பிலும் இருக்கிறது. அதை ஏறக்குறைய அடிமட்டத்துக்கு இறக்கினாள். அதுதான் இனிமேல் போர்வை. கெயினையும் பாதிக்கும் கீழே கொண்டுவந்தாள். அது அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது, அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய கரகரப்பு. ஆனால் குறைக்கக் குறைக்க ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாகக் கேட்டது.

அடுத்த ஒத்திகையில் குளவி செத்துவிட்டது. ஆனால் சிங்கமும் வரவில்லை. தனியாக வாசித்தால் பிரமாதம். டிரம்ஸும் பாஸும் சேர்ந்தால், கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ வாசிக்கிற மாதிரி இருந்தது. மருந்துக்கடைக்காரர் கீபோர்டில் பட்டன் இருக்கிற இடத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார். அந்தத் தடவலைப் பார்த்துவிட்டு வந்து அவள் இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

மிச்சத்துக்கு விடை என்னிடமிருந்தது. பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

ஒரு மாலை நான் வீட்டுச் சாவியை மறந்துவிட்டேன் என்று அவள் நிலையத்துக்கே கொண்டுவந்தாள். கூட்டம் அலைமோதும் நேரம். இன்ஜின்கள் அடித்தொண்டையில் இரைகின்றன, பிரேக்குகள் கிறீச்சிடுகின்றன, நடத்துநர்கள் விசில் ஊதுகிறார்கள், ஒரு கைக்குழந்தை வீறிடுகிறது. நான் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து வழக்கம்போல அறிவித்துக்கொண்டிருந்தேன். அவள் சாவியை நீட்டாமல் கதவில் சாய்ந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணி, வெளிய காது கிழியுது. நீங்க கத்தவே இல்ல. ஆனா கடைசி நடைமேடை வரைக்கும் ஒவ்வொரு வார்த்தையும் கேக்குதே, எப்படி?"

"இதுல என்ன இருக்கு? வேலைக்குச் சேர்ந்த புதுசுல நானும் தொண்டை கிழியக் கத்தினேன். ஒருத்தருக்கும் புரியல. உச்சத்துல பேசினா அந்தக் குழாய் ஸ்பீக்கர் கீச்சுன்னு கத்தும், விசிலோட போயிடும். அடிக்குரல்ல பேசினா இன்ஜின் முழுங்கிடும். நடுவுலதான் யாரும் இல்ல. நடுக்குரல்ல பேசணும். அங்க இடம் காலியா இருக்கு."

அவள் சாவியை என் மடியில் போட்டுவிட்டு ஓடினாள். "பஸ்ஸைப் பார்த்துப் போடி!" என்று நான் கத்தியது மைக்கில் போய் நிலையம் முழுக்கக் கேட்டுவிட்டது. பாதிப் பயணிகள் பயந்துபோய்ப் பின்னால் நகர்ந்தார்கள். அதற்கு மேலதிகாரியிடம் திட்டு வாங்கியது தனிக் கதை.

நடு! அவள்தான் முதல் நாளே மிடில் திருகை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாளே. தனியாக வாசிக்கும்போது அப்படித்தான் கம்பீரமாகக் கேட்கும். ஆனால் குழுவில் அடி முழுக்க பாஸும் டிரம்ஸும் உட்கார்ந்திருக்கின்றன. உச்சியில் ஜால்ராத் தட்டுகள். கிட்டாருக்கென்று இருந்த ஒரே நாற்காலி நடுவில்தான். அதை இவளே தன் கையால் தூக்கி வெளியே வைத்திருக்கிறாள்.

விழா நாள் பிற்பகல். மண்டபத்து ஆம்ப் நிஜமாகவே படு சுத்தம், ஆளுயரத்தில் பாதி இருந்தது. பல்லவி அதன் முன்னால் மண்டியிட்டாள். உச்சியை இறக்கி, நடுவை ஏற்றி, அடியைக் கொஞ்சம் குறைத்து, சத்தத்தைத் தாராளமாக வைத்து, ஒவ்வொரு முடியிழையாகத் திருகித் திருகிக் கேட்டாள். பல் நடும்போது அவள் நாக்கின் நுனி வெளியே எட்டிப்பார்க்கும், இப்போதும் எட்டிப்பார்த்தது. குழுவோடு சேர்ந்து வாசித்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது. லிஃப்ட் மெக்கானிக் குச்சியைத் தூக்கிச் சுழற்றிக் காட்டினார்.

"ம்ம், பரவாயில்ல," என்றார் மருந்துக்கடைக்காரர். "மேடையில பார்க்கலாம். எதுக்கும் பட்டனைத் தயாரா வெச்சிருக்கேன். முதல் இழுப்பு சரியில்லேன்னா நான் எடுத்துடுவேன், கோவிச்சுக்காதீங்க."

பல்லவி பையிலிருந்து ஒரு துண்டு மெழுகை எடுத்தாள். அவள் கூடத்து ரோஜா நிற மெழுகு. விரல் சூட்டில் பிசைந்து, மிளகளவு உருட்டி, ஆம்ப்பின் ஒவ்வொரு திருகும் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே ஒரு புள்ளி ஒட்டினாள். யாராவது தெரியாமல் இடித்துத் திருகிவிட்டாலும் புள்ளியைப் பார்த்துத் திருப்பிவிடலாம். அவளுடைய கெட்டிக்காரத்தனத்தை நினைத்து நானே மெச்சிக்கொண்டேன்.

மாலை மண்டபம் நிரம்பிவிட்டது. ஓட்டுநர்கள், நடத்துநர்கள், பணிமனை மெக்கானிக்குகள், அவர்கள் குடும்பங்கள். என் கணவரும் மாமியாரும் மூன்றாவது வரிசை. மாமியார் காதில் வைக்கப் பஞ்சு கொண்டுவந்திருந்தார். முதல் பாட்டுகளில் பல்லவிக்கு வழக்கமான மரக் கிட்டார்தான். பிறகு அந்தப் பாட்டின் முறை வந்தது. அவள் மின்கிட்டாரை மாட்டிக்கொண்டு ஆம்ப்பிடம் குனிந்தாள். குனிந்தவள் நிமிரவில்லை.

நான் மைக்கை மூடிக்கொண்டு அருகில் போனேன். எல்லாத் திருகுகளும் படைவீரர்கள் மாதிரி நேராக மேலே பார்த்து நின்றன. ஒரு புள்ளிகூட இல்லை.

"சார்," என்றாள் அவள். "இங்க ரோஸ் கலர்ல புள்ளி இருந்துச்சே?"

"அதுவா?" என்றார் மருந்துக்கடைக்காரர், உதவி செய்த மனிதரின் முகத்தோடு. "யாரோ பபிள்கம் ஒட்டி வெச்சிருந்தாங்கம்மா, அசிங்கமா. சுரண்டி எடுத்துட்டுத் திருகெல்லாம் நேரா வெச்சுச் சுத்தம் பண்ணிட்டேன்."

"சுத்தம்!" என்றேன் நான்.

அவள் பெடலை மிதித்துத் தந்தியைத் தொட்டாள். கிறீச்! மண்டபமே முகத்தைச் சுளித்தது. மூன்றாவது வரிசையில் மாமியாரின் கை பஞ்சைத் தேடியது. மருந்துக்கடைக்காரரின் விரல் பட்டனை நோக்கி நகர்ந்தது. அந்த விரலை நான் பார்த்துவிட்டேன். அவ்வளவுதான், எங்கிருந்து வந்ததோ தெரியாது, மைக்கைத் தூக்கி என் நடுக்குரலில் ஆரம்பித்துவிட்டேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு!"

கூட்டம் ஒரு நொடி திகைத்தது. பிறகு சிரிப்பு வெடித்தது. அந்தக் குரலைத் தினமும் கேட்கிற கூட்டமாயிற்றே.

"நீங்கள் இப்போது கேட்ட ஒலி, நமது பணிமனையிலிருந்து வந்த பேருந்தின் பிரேக். பிரேக் கட்டையை மாற்ற மறந்த மெக்கானிக் யார் என்பது அவருக்கே தெரியும்!"

மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒரே கூச்சல். ஓட்டுநர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

"பேசிக்கிட்டே இருங்க, அண்ணி," என்று கீழேயிருந்து பல்லவி முணுமுணுத்தாள். "நிறுத்தாதீங்க. உங்க குரலை வெச்சே பிடிக்கறேன்."

ஒரு கை திருகில், ஒரு கை தந்தியில். உச்சியை இறக்கினாள். கிறீச்சு போய் ஒரு இரைச்சல் வந்தது.

"ஓட்டுநர் ஏறிவிட்டார். இன்ஜினைக் கிளப்பிப் பார்க்கிறார். பயணிகள் பொறுமை காக்கவும்."

நடுவை ஏற்றினாள். கிட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டது. இது எல்லாம் முன்பே பேசிவைத்த நிகழ்ச்சி என்று கூட்டம் நம்பிவிட்டது. ஒவ்வொரு செருமலுக்கும் "போடு, போடு!" என்றார்கள். மருந்துக்கடைக்காரரின் விரல் அந்தரத்தில் நின்றது. அழுத்துவதா வேண்டாமா என்று அவருக்கே தெரியவில்லை. நான் அவரை ஒரு பார்வை பார்த்தேன். அந்தப் பார்வைக்கு என் கணவரே பயப்படுவார்.

அடியைக் கொஞ்சம் குறைத்தாள். இப்போது உறுமல் உருண்டு வந்தது. என் குரலுக்குக் கீழே, அதைத் தாங்கிக்கொண்டு, பேருந்து ஒன்று நிஜமாகவே மேடைக்குள் நின்று இன்ஜினை ஓடவிட்ட மாதிரி. அவள் எழுந்து நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினாள். கண்ணில் நீர், முகத்தில் சிரிப்பு.

"உங்கள் பேருந்து," என்றேன், "இதோ, புறப்படுகிறது!"

லிஃப்ட் மெக்கானிக் டிரம்ஸில் இறங்கினார். ஆசிரியை பாடினார். பாட்டின் பல்லவி முடிந்தது. அந்தக் காலி இடம் வந்தது. என் நாத்தனார் ஒரு காலை முன்னால் வைத்துத் தந்தியை இழுத்தாள்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! டிரம்ஸ் முழு வேகத்தில் அடித்தது, பாஸ் தரையை உலுக்கியது, எல்லாவற்றையும் பிளந்துகொண்டு அவள் கிட்டார் நேராக வந்தது. ஒரு ஸ்வரம் தொலையவில்லை. கரகரவென்று, கனமாக, கடைசி வரிசை வரைக்கும், சொல்லச் சொல்ல வார்த்தையே புரிகிற மாதிரி. பின்வரிசை ஆட்கள் நாற்காலியில் ஏறி நின்றார்கள். ஆசிரியை சரணத்தை ஆரம்பிக்காமல் "இன்னொரு தடவை!" என்று விரலைச் சுழற்றிக் காட்டினார். இவள் இன்னொரு தடவை வாசித்தாள், முதலாவதைவிட அட்டகாசமாக. மூலையில் உட்கார்ந்து டிங் டிங் என்று தட்டிக்கொண்டிருந்த என் பல்லவி மேடையின் நட்டநடுவில் நின்றாள். நான் தொகுப்பாளர் என்பதை மறந்து விசிலடித்தேன். அடிக்கத் தெரியாது, ஆனாலும் அடித்தேன்.

மாமியார் பஞ்சை வைக்கவே இல்லை. எழுந்து நின்று பக்கத்தில் இருந்தவர்களிடமெல்லாம் "என் பொண்ணு, என் பொண்ணு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதை என் கணவர் பிறகு சொன்னார். தான் அழுததை அவர் சொல்லவில்லை, மாமியார்தான் சொன்னார்.

எல்லாம் முடிந்ததும் மருந்துக்கடைக்காரர் ஆம்ப்பின் முன்னால் வந்து நின்றார். திருகுகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் கோணலாக நின்றன. அவர் விரல் துடித்ததைப் பார்த்தேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"சுத்தம்," என்றார்.

பல்லவி முறைத்தாள். "சார், திட்டுறீங்களா?"

"இல்லம்மா. நிஜமாவே சொல்றேன். ஒவ்வொரு ஸ்வரமும் அவ்வளவு சுத்தம்." பிறகு தயங்கி, "அந்த பபிள்கம் கொஞ்சம் மிச்சம் இருந்தா என் ஆம்ப்புலயும் ஒட்டிடுங்க. நான் தொட மாட்டேன்" என்றார்.

"பபிள்கம் இல்ல சார், அது ஈறு!" என்றாள் அவள். மனிதர் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

மறுநாள் காலை நான் வேலைக்குக் கிளம்பும்போது பல்லவியின் அறையிலிருந்து அவள் என்னை மெதுவாகக் கூப்பிட்டாள். எட்டிப்பார்த்தேன். குட்டி ஆம்ப் மேல் போர்வை இல்லை. துவைத்துக் காய்ந்ததும் மாமியார் அதை மறுபடி போட்டு மூடியிருந்தார்; அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு ஆம்ப்பின் முகத்தை நான் அன்றுதான் பார்த்தேன்.

வீட்டுக் கூடத்தில் மாமியார் கம்பளிப் போர்வையைக் கழுத்துவரை போர்த்திக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெற்றியில் வியர்வை முத்து முத்தாக நின்றது. தலைக்கு மேலே மின்விசிறி முழு வேகத்தில் ஓடியது.

"என்ன பார்க்கறீங்க ரெண்டு பேரும்?" என்றார். "எனக்குக் குளிருது. அதான் எடுத்துக்கிட்டேன்."

பல்லவி அறைக் கதவிலேயே நின்றாள்.

"நிக்கறியே? போய் வாசி. அந்த பஸ் கிளம்புமே, அதுலேருந்து. சத்தமா வாசி, எனக்குச் சமையல்கட்டு வரைக்கும் கேக்கணும்."